குக்கர் மூடியைத் திறக்க முடியாத மாதங்கள்

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்பது யாராவது ஒருவர் வழியில் வாங்கிக்கொண்டு வருவது. முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பாதிக்கு மேல் காலி மனைகளாகக் கிடந்த ஒரு நகரில், மாடிப் போர்ஷனில் மூன்று பேர் குடியிருந்தோம். நான் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவர் தாம்பரத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசர். ஷிப்ட் வேலை. மகள் எட்டாம் வகுப்பு.

சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே வந்து, தாம்பரத்தில் கூட்டத்தோடு படியேறி, படியிறங்கி, மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஒண்டி உட்காரும்போது, வீட்டுக்குப் போய் அரிசி களைய வேண்டும் என்ற நினைப்பே உடம்பைக் கீழே இழுக்கும். வழியில் இறங்கி பரோட்டாவோ இட்லியோ பார்சல் வாங்கிவிடுவேன். மகள் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். கணவர் ஷிப்ட் முடிந்து எப்போது வருகிறாரோ அப்போது அவர் பங்கைப் பிரிப்பார். நான் சமையல் மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிட்டு, இலையையும் காகிதத்தையும் சுருட்டிப் போட்டுவிடுவேன். கழுவப் பாத்திரம் இல்லை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

சமைக்கத் தெரியாமல் இல்லை. காலையில் அவசர அவசரமாக ஒரு தக்காளி சாதமோ எலுமிச்சை சாதமோ கிளறி, மூன்று டிபன் பாக்ஸில் அடைத்து, பக்கத்தில் கொஞ்சம் சிப்ஸ் வைத்து மூடுவேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸுக்குப் போன் வந்தது. பாக்டரியில் கணவருக்கு திடீரென்று கண் மங்கி, எதிரே நிற்கும் ஆள் தெரியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது அவர் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மீசையெல்லாம் வியர்வை.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண். ரிசல்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சுகர் இவ்வளவு ஏறியிருக்கு. இத்தனை நாளா தெரியலையா?"

"அடிக்கடி தண்ணி குடிப்பாரு. வெயில்னு நெனச்சோம்."

"வெளிச் சாப்பாட்டை மறந்துடுங்க. அதுக்காக இவருக்குன்னு தனியா ஏதாவது சமைக்காதீங்க, அது ரொம்ப நாள் ஓடாது. வீட்ல எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. காய், கீரை, பருப்பு எல்லாம் அதிகமா. எல்லாரும் சேர்ந்து செஞ்சீங்கன்னா இன்னும் நல்லது."

'எல்லாரும்' என்று சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். கணவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அலுப்பு. இன்னும் ஒரு வேலை என்றுதான் மனசு எடுத்துக்கொண்டது.

டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதைத்தான் செய்தேன். விடியும் முன்னே எழுந்து அவருக்குக் கோதுமை ரவைக் கஞ்சி, உப்பு குறைத்து வேகவைத்த காய். மகள் அதைத் தொடமாட்டாள்; அவளுக்கு நூடுல்ஸ். எது மிஞ்சுகிறதோ அது எனக்கு. சாயங்காலமும் அதே கதை. அவர் தட்டைப் பார்த்தபடி மெதுவாக மென்றுகொண்டிருப்பார். பக்கத்தில் மகள் நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம்.

"நான் என்ன ஆஸ்பத்திரியிலேயேவா இருக்கேன்?" என்றார் ஒரு நாள்.

நான் நூடுல்ஸ் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். பதில் சொன்னால் சண்டை வரும். சண்டை போட்டால் நிற்க வேண்டும், பேச வேண்டும்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது, பஜ்ஜிக் கடையில் அவரைப் பார்த்தேன். கசங்கிய நியூஸ்பேப்பரில் பஜ்ஜியை வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கையை கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நடுவில் யாரோ ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். முடிச்சூர் ரோடு திரும்பும்போது, அந்த அம்மாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டே ரெண்டுதான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனுக்காகக் காலையில் எழுந்தேனே என்று கால் மட்டும் வலித்தது.

அந்த வருஷம்தான் சிக்குன்குனியா வந்தது. எங்கள் பக்கத்தில் காலி மனைகளில் எல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், கொசுவுக்குக் குறைவில்லை. தெருவில் நடப்பவர்களைப் பார்த்தாலே யாருக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை மடக்கி, பாதத்தைத் தரையில் வைக்க யோசித்து யோசித்து நடப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் வந்தது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிட்டது. மூட்டு வலி விடவில்லை. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, விரல்களை மடக்க முடியாமல் போனது. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. மகள்தான் பள்ளிக்குப் போகும் முன் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

வேலைக்குப் போக முடியாமல் லீவில் இருந்தேன். அப்படியும் சமையல் என் வேலைதான் என்று பிடிவாதமாக ஒரு நாள் எழுந்து, எப்படியோ அரிசி களைந்து, மகளை விட்டு குக்கரை மூடச்சொல்லி அடுப்பில் வைத்துவிட்டேன். அவள் பள்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். விசில் வந்து, ஆவியும் அடங்கிவிட்டது. மூடியைத் திறக்க முடியவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்தேன். முழங்கையால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சாதம் வெந்து கிடக்கிறது, எனக்குப் பசி, ஒரு மூடி திரும்பமாட்டேன் என்கிறது. குக்கர் முன்னால் நின்று அழுதேன்.

அந்த வாரம் கணவருக்கு மத்தியான ஷிப்ட். சத்தம் கேட்டு, பாதி ஷேவிங் நுரையோடு வந்து நின்றார்.

"தள்ளு," என்றார். ஒரே திருப்பில் திறந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "இதுக்குக் குழம்பு?" என்று கேட்டார்.

"நீங்கதான் வைக்கணும்," என்றேன்.

எங்கள் சமையலறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. நான் வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் செய்தார். பாக்டரியில் மெஷின் ஓட்டுகிற மாதிரியே அடுப்பைப் பார்த்தார்.

"உப்பு எவ்வளவு?"

"கொஞ்சம் போடுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? ஸ்பூன்ல சொல்லு."

"நான் என்னைக்கு ஸ்பூன்ல போட்டேன்? கையில எடுத்துப் போடுவேன்."

"யார் கையில? உன் கையா, என் கையா?"

வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பாசிப்பருப்பும் அரைக்கீரையும் சேர்த்துக் கடைந்தார். கீரையை ஒரே தண்ணீரில் அலசியிருக்கிறார். வாய் நிறைய மண். துப்பாமல் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அவர் காலை ஷிப்டுக்கு மாறினார். சாயங்காலச் சமையலில் மகளும் சேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பதார்த்தம் செய்வதே பெரும்பாடு. மூன்று பேருக்கு மூன்று விதமாகச் செய்ய யாருக்கும் வராது. அதனால் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்றாகிவிட்டது. டாக்டர் சொன்னதை நாங்கள் நல்ல புத்தியால் கேட்கவில்லை. வேறு வழி இல்லாததால் கேட்டோம். நூடுல்ஸ் வேண்டும் என்று மகள் முதல் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீயே செஞ்சுக்கோ. ஆனா இந்தப் புடலங்காயை நறுக்கிக் குடுத்துட்டுச் செய்," என்றார் அவர். புடலங்காயை நறுக்கி முடித்தபிறகு அவளுக்கு வேறு எதையும் செய்யத் தோன்றவில்லை. கூட்டையே சாப்பிட்டாள்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை. அது நோன்பு மாதம். அந்த வீட்டு அக்கா தினமும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். விரல் மடங்காத எனக்கு ஸ்பூனால் குடிக்க அது வசதியாக இருந்தது. ஒரு நாள் தூக்கைத் திருப்பிக் கொடுக்கப்போன மகள் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"அம்மா, அங்க பூண்டு உரிக்கிறதெல்லாம் அந்த அண்ணனுங்களோட அத்தாதான், அதான் அவங்க அப்பா. அண்ணனுங்க ரெண்டு பேரும் இஞ்சி இடிக்கிறாங்க. என்னையும் உக்கார வச்சு வெங்காயம் உரிக்கச் சொல்லிட்டாங்க."

பிறகு அந்த அக்கா என்னைப் பார்க்க மேலே வந்தபோது, உங்கள் வீட்டில் எல்லோரும் வேலை செய்கிறார்களாமே என்று கேட்டேன்.

"பின்ன? நோன்பு வச்சுக்கிட்டு நான் ஒருத்தி மட்டும் அடுப்புகிட்ட நிக்கணுமா? எல்லாருக்கும்தானம்மா பசி," என்றார். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு மீன்கார அம்மா வருவார். வழக்கமாக நான் வாங்குவேன். அந்த ஞாயிறு கணவர் பாத்திரத்தோடு இறங்க, நான் பின்னாலேயே கைப்பிடியை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

"இன்னாமா, கை இப்டி வீங்கிகினு கீது? உனுக்கும் வந்துட்ச்சா?" என்றவர், கணவரைப் பார்த்து, "இன்னா சார், நீதான் வூட்ல கொயம்பா?" என்றார்.

"ஆமாம்மா. மாட்டிக்கிட்டேன்."

"மாட்டிக்கினியா? இத்தினி வருசமா அது மாட்டிகினு இருந்துச்சே, கேட்டியா நீ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் காது சிவக்க, மீனை வாங்கிக்கொண்டு வேகமாகப் படியேறிவிட்டார். குழம்பில் அன்றைக்குப் புளி தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்தான் நடந்தவற்றுள் எனக்கு முக்கியமானது. கரண்ட் இல்லை. வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிடலாம் என்று, பால்கனி ஓரமாகப் பேப்பரை விரித்து, கணவரும் மகளும் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்குக் கண்ணு தெரியாம போயிடுமா?"

அவர் கை நின்றது. "யார் சொன்னது?"

"எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. அவங்க பெரியப்பாவுக்கு சுகர் வந்து கண்ணு போயிடுச்சாம். அன்னைக்கு பாக்டரியில உங்களுக்கும் தெரியலதானே?"

எவ்வளவு நாளாக இதை மனசில் வைத்திருந்தாளோ. நூடுல்ஸ் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் இது உள்ளே இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்க முடிந்ததால் கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொன்னால் கேட்டிருக்கமாட்டாள்.

"அதெல்லாம் போகாது," என்றார். இரண்டு காம்பை உருவிப் போட்டார். பிறகு இன்னொரு காம்பை எடுத்துக்கொண்டு, "போகாம பாத்துக்கறேன்," என்றார்.

பஜ்ஜியைப் பற்றி நான் ஒருபோதும் அவரிடம் பேசவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் சட்டைப்பை கர்ச்சீப்பில் எண்ணெய்க் கறை பார்த்ததில்லை.

பொங்கல் வந்துபோன பிறகு என் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன. அதற்குள் வேலைக்கும் திரும்பியிருந்தேன். ஒரு நாள் குக்கர் மூடியை நானே திறந்துவிட்டேன். "பாத்தியா, சரியாயிடுச்சு!" என்று அவர் நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். மகள் கை தட்டினாள்.

மறுநாள் அவர் ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மகளுக்குப் பரீட்சை. யாரும் திட்டம் போட்டு விலகவில்லை. கை சரியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் நான் தனியாகக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது திடீரென்று உறைத்தது. அதே வாரம், மகள் நல்ல மார்க் வாங்கினாள் என்று அவர் பரோட்டா பார்சலோடு வந்தார். அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, டிவியை நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

நிறுத்தினார்.

"எனக்குக் கை சரியாயிடுச்சு. ஆனா மறுபடியும் தனியா என்னால முடியாது."

"நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? பாக்டரியில நாள் பூரா நின்னுட்டு வரேன். நானும் களைச்சுப்போய்தான் வரேன்."

"மூணு பேருமே களைச்சுப்போய்தான் வரோம். அதனாலதான் சொல்றேன். கையில வலி இருந்தப்ப பக்கத்துல நின்னீங்க. அலுப்பு வலி மாதிரி வெளியில தெரியாது. தெரியாததால இல்லைன்னு ஆயிடுமா? நீங்க ரெண்டு பேரும் வராம நான் இனிமே அந்த அடுப்பைப் பத்தவைக்கப் போறதில்ல."

குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. அவர் முகம் கடுகடுவென்று ஆனது. செருப்பைக்கூட மாட்டாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மகள் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பரோட்டாவை யாரும் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் தின்று, மோரைக் குடித்துவிட்டுப் படுத்தோம். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால், மகள் காலையில் பள்ளிக்குப் போகும் முன்பே பச்சைப்பயறு ஊறப் போட்டிருந்தது தெரிந்தது. கணவர் பனியனோடு நின்று பீர்க்கங்காய் தோல் சீவிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தோலைத் தூக்கிப் போடாதீங்க, துவையல் அரைக்கலாம்," என்றேன்.

"தெரியும்," என்றார். தட்டில் தோல் தனியாக எடுத்து வைத்திருந்தது.

அப்படியே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நைட் ஷிப்ட் வாரங்களில் அவர் காலையில் கண் எரிய வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார். சில நாள் மூன்று பேருமே எரிந்து விழுந்துகொண்டு சமைத்தோம். சில நாள் ஒன்றுமே முடியாமல் இட்லி பார்சல் வந்தது. ஆனாலும் மூன்று பேரும் அதைத் தட்டில் போட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய சுகர் இறங்கியது, மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் ரிசல்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே சார், வீட்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது, "நானும் சமைக்கறேன் மேடம்," என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

ஆபீஸில் கூட வேலை செய்த பெண்கள் என்னிடம் சுகருக்கு என்ன சமைக்கிறாய் என்று கேட்பார்கள். கேழ்வரகு, கொள்ளு, கீரை என்று சொல்வேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாளில் ஒரு வேளையாவது வீட்டில் இருக்கிற எல்லோரையும் அடுப்படிக்குக் கூப்பிடுங்கள், நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள் என்றும் சொல்வேன். ஒருத்தி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தரையெல்லாம் எண்ணெய் என்று குறைப்பட்டுக்கொண்டாள். துடைக்கவும் அவர்களையே கூப்பிடு என்றேன். அவள் கூப்பிட்டாளா என்று தெரியாது.

மழைக்காலத்தில் இன்றும் என் மணிக்கட்டு வலிக்கும். மகள் பிளஸ் டூ படித்த வருஷம் அப்படி ஒரு மழை நாளில், கணவர் கேழ்வரகு அடை தட்டினார். ஒன்றுகூட முழுசாகக் கல்லைவிட்டு எழவில்லை. துண்டு துண்டாகத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"உப்பே இல்லப்பா," என்றாள் மகள்.

"சும்மா சாப்பிடு. உங்கம்மா ஏதாவது சொன்னாளா?"

"எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல," என்றேன்.

அவர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தார். தரையில் கையூன்றி எழுந்து, உப்பு எடுத்துவரப் போனார்.